வறண்ட கிணறுகளுக்கு நான் போட்ட பூஜ்ஜியம்

நிலத்தடி நீர்மட்டத்தைப் பதிவு செய்து வைக்கும் ஒரு கிராஃப் டேட்டாபேஸ் சில ஆண்டுகள் என் பொறுப்பில் இருந்தது. அதிலிருந்து நான் தயாரித்துக் கொடுத்த அறிக்கைகளில், கிணறு வற்றிப்போன சில கிராமங்களுக்கு நீர்மட்ட ஆழம் 0 மீட்டர் என்று அச்சாகியிருந்தது. ஆழம் 0 என்றால் தண்ணீர் தரைமட்டத்திலேயே நிற்கிறது என்று பொருள். தண்ணீருக்குத் தவித்த ஊர்களை, கிணறு ததும்பி நிற்கும் ஊர்களாகக் காட்டியவன் நான். மென்பொருளில் கோளாறு எதுவும் இல்லை. மேலிருந்து யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவும் இல்லை. ஒவ்வொரு படியிலும் நானே எடுத்த முடிவுகளால் நடந்தது அது. தெரிந்த பிறகும் மறைத்தேன். கிராஃப் டேட்டாபேஸ் வேலைக்கு இப்போது நிறைய இளைஞர்கள் வருகிறார்கள். நான் எழுதிய நிரல்களைப் பார்த்துப் பழகியவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுக்காகவாவது நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

கிராஃப் டேட்டாபேஸில் தகவல்கள் புள்ளிகளாகவும் அவற்றை இணைக்கும் கோடுகளாகவும் இருக்கும். ‘இந்தக் கிணறு இந்தக் கிராமத்தில் உள்ளது’ என்றால் கிணறு ஒரு புள்ளி, கிராமம் ஒரு புள்ளி, நடுவில் ஒரு கோடு. கிராமத்திலிருந்து வட்டத்துக்கு, வட்டத்திலிருந்து மாவட்டத்துக்கு என்று கோடு போய்க்கொண்டே இருக்கும். ‘இந்தக் கிணற்றின் நீர்மட்டம் 14.20’ என்றால் அப்படி இல்லை, கோடு 14.20 என்ற மதிப்பில் போய் முடிந்துவிடும். இப்படி முனையில் நிற்கும் மதிப்புக்கு லிட்டரல் என்று பெயர். நாங்கள் பயன்படுத்தியது ஆர்டிஎஃப் வகை தரவுத்தளம். அதில் ஒவ்வொரு லிட்டரலும் தன் எழுத்து வடிவத்தோடு தன் வகையையும் சுமந்திருக்கும்: "14.20" என்பது எழுத்து வடிவம், டெசிமல் என்பது வகை. மொழி குறித்த சொற்றொடர் என்றால் கூடவே மொழிக்குறியும் இருக்கும். 2004இல் வந்த பழைய விதிகளில் வகையே இல்லாத லிட்டரலும் உண்டு. 2014 பிப்ரவரியில் வந்த ஆர்டிஎஃப் 1.1 அதை ஒழித்துவிட்டது. வகை என்னவென்று நீங்கள் சொல்லாவிட்டால் அது ஸ்ட்ரிங், அதாவது வெறும் எழுத்துச்சரம்.

நான் சொல்லவில்லை. அங்கேதான் தொடங்கியது.

களப்பணியாளர்கள் கையால் எழுதிய பதிவேடுகளை யாரோ தட்டச்சு செய்து சிஎஸ்வி கோப்புகளாக அனுப்புவார்கள். நீர்மட்டப் பத்தியில் 14.20 இருக்கும், 9.80 இருக்கும், 8.5 மீ என்று அலகோடு இருக்கும், ‘வறண்டது’ என்று இருக்கும், ‘பூட்டியிருந்தது’ என்று இருக்கும், சில இடங்களில் ஒரு சிறு கோடு மட்டும் இருக்கும். அந்தப் பத்திக்கு டெசிமல் என்று வகை கொடுத்து முதலில் ஏற்றிப் பார்த்தேன். என் நிரல் எண் அல்லாத ஒவ்வொரு வரியிலும் நின்றது. மறுநாள் மேலதிகாரிகளுக்குக் காட்ட வேண்டியிருந்தது. வகையை எடுத்துவிட்டேன். எல்லாம் ஒரே மூச்சில் ஏறியது. லாக்கின் கடைசி வரியில் ‘பிழை 0’ என்று வந்தது. அந்த வரியை அப்படியே படம்பிடித்து மறுநாள் திரையில் போட்டுக் காட்டினேன், பாராட்டினார்கள். ஒரு பத்தியில் ‘வறண்டது’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார் என்றால், அவர் ஒரு கிணற்றின் அடிவரை டேப்பை இறக்கிப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். அதை எண்களின் நடுவே வந்த குப்பையாக மட்டும்தான் அன்று பார்த்தேன்.

பிறகு சில கிணறுகளில் தானியங்கிக் கருவிகள் பொருத்தினார்கள். அவை ஜேசன்-எல்டி வடிவில் அளவுகளை அனுப்பின. அதில் எண்ணாக வருவது எண்ணாகவே ஏறும்: 12 என்று வந்தால் இன்டிஜர், 12.4 என்று வந்தால் டபுள். ஆக, ‘நீர்மட்டம்’ என்ற ஒரே கோட்டின் முனையில் மூன்று வகைகள் சேர்ந்துவிட்டன. இன்டிஜரும் டபுளும் ஒன்றோடொன்று ஒப்பிடத் தகுந்தவை. ஸ்ட்ரிங் அந்தக் கூட்டத்தில் சேராது.

9 மீட்டருக்கும் கீழே நீர் இறங்கிவிட்ட கிணறுகளைக் கேட்டு, ஆர்டிஎஃப் தரவை வினவும் ஸ்பார்க்கிள் மொழியில் குவெரி எழுதினேன். ஸ்பார்க்கிளில் ஸ்ட்ரிங்கை எண்ணோடு ஒப்பிட விதி கிடையாது. ஒப்பிட்டால் அது வகைப் பிழை. ஆனால் வடிகட்டும் இடத்தில் பிழை வந்தால் குவெரி நிற்காது, எச்சரிக்கையும் வராது. அந்த வரி மட்டும் விடையிலிருந்து விழுந்துவிடும். 2008இல் வந்த முதல் ஸ்பார்க்கிள் விதிகளிலிருந்தே இப்படித்தான். அதற்கு நியாயமும் இருக்கிறது. பல ஊர்களிலிருந்து பல கைகள் எழுதிய தரவு ஒரே கிராஃபில் சேரும்போது, எங்கோ ஒரு மதிப்பு ஒவ்வாதது என்பதற்காக முழுக் கேள்வியும் செத்துவிடக் கூடாது. அந்தத் தாராளத்துக்கு ஈடாக, ஏற்றுகிறவன் வகையைச் சரியாக வைத்திருக்க வேண்டும். நான் வைக்கவில்லை.

விடையே வராமல் போயிருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். பட்டியல் வந்தது, பார்க்க நன்றாகவும் இருந்தது. அதில் இருந்தவை எல்லாம் கருவி பொருத்திய கிணறுகள். கையால் அளந்த கிணறு ஒன்றுகூட இல்லை. கருவி இல்லாத ஊர்கள் பெரும்பாலும் தார்ச்சாலையை விட்டு உள்ளே தள்ளி இருந்தவை.

ஓய்வு பெறும் வயதை நெருங்கிய களப்பணியாளர் ஒருவர்தான் முதலில் கேட்டார். “தம்பி, நம்ம கிணறு லிஸ்ட்லயே இல்லையே.”

“என்ட்ரி போடாம விட்டிருப்பாங்கண்ணே. உங்க ஆபீஸ்ல கேளுங்க.”

“நானே பக்கத்துல நின்னு போட வச்சேன் தம்பி.”

“டேட்டாவுல இல்லன்னா இல்லதாண்ணே.”

அடுத்த முறை வரும்போது பதிவேட்டைக் கையோடு கொண்டுவந்தார். ஓரங்கள் நைந்த நீளமான நோட்டு. கிணற்று எண் 0417 என்ற வரியில் விரலை வைத்தார். ஒரு மே மாதத்தில் 14.20. அதற்கடுத்த ஆண்டு அதே மாதம், ‘வறண்டது’. பக்கத்தில் அவருடைய கையொப்பம். அவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே அந்தக் கிணற்றின் மதிப்புகளையும் அவற்றின் வகையையும் கேட்டு ஒரு குவெரி ஓட்டினேன். இரண்டும் இருந்தன, ஸ்ட்ரிங்காக. முழுப் பத்தியையும் வரிசைப்படுத்திப் பார்த்தேன்: 10.35, 14.20, 2.10, 9.80 என்று வந்தது. எழுத்துச்சரமாக ஒப்பிடும்போது முதல் எழுத்துதான் முந்தும்; 1இல் தொடங்கும் 14.20, 9.80க்கு முன்னால் வந்து நிற்கும். என்ன நடந்திருக்கிறது என்று எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. “பாக்குறேண்ணே” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் சொன்னது சரி என்பதை அவர் ஓய்வு பெறும்வரை அவரிடம் நான் ஒப்புக்கொள்ளவில்லை.

அன்றே தரவை மறுபடி ஏற்றியிருக்க வேண்டும். அப்படிச் செய்தால் முன்பு கொடுத்த பட்டியல்கள் தவறு என்று எழுத்தில் சொல்ல நேரும். அதற்குப் பயந்து குவெரியில் ஒட்டுப் போட்டேன். ஒவ்வொரு மதிப்பையும் ஒப்பிடுமுன் டெசிமலாக மாற்றச் சொன்னேன். "14.20" மாறியது, 0417 பட்டியலுக்கு வந்தது. ‘8.5 மீ’ மாறாது. ‘வறண்டது’ மாறாது. மாறாதது பிழை, பிழை வந்த வரி மறுபடியும் சத்தமில்லாமல் விழுந்தது. நீர் ஆழத்துக்குப் போய்விட்ட கிணறுகளின் பட்டியலில், நீரே இல்லாத கிணறுகள் இல்லை. வறட்சி முற்றிய மாதங்களில் என் பட்டியல் நீளாமல் குறைந்தது. அளக்கத் தண்ணீர் இருந்த கிணறுகள் குறைந்துகொண்டே வந்ததுதான் காரணம்.

சராசரி இன்னும் மோசம். கிராமவாரியாகச் சராசரி கேட்டால், அந்தக் கிராமத்தின் அளவுகளில் ஒன்று பிழையானாலும் ஸ்பார்க்கிள் அந்தக் கிராமத்துக்குச் சராசரியே தராது. அந்தக் கட்டம் காலியாக வரும். இது 2013இன் ஸ்பார்க்கிள் 1.1 விதிகளிலேயே எடுத்துக்காட்டோடு இருக்கிறது. காலிக் கட்டம் நேர்மையான விடை: ‘இந்த ஊருக்கு என்னால் சொல்ல முடியவில்லை’ என்று தரவுத்தளம் சொல்கிறது. எனக்கோ அட்டவணையில் ஓட்டைகள் தெரிவது பிடிக்கவில்லை. காலியாக இருந்தால் 0 போடு என்று அறிக்கை நிரலில் ஒரு வரி எழுதினேன். ஆழம் குறையக் குறைய நீலம் அடர்வதாக வரைபடத்துக்கு நிறம் அமைத்திருந்தோம். ஒரே ஒரு கிணறு வற்றினாலும் அந்தக் கிராமம் அடர் நீலமானது.

ஒரு கூட்டத்தில் அந்த வரைபடம் திரையில் இருந்தபோது, பின்வரிசையிலிருந்து ஒரு பொறியாளர் எழுந்து அடர் நீலத்தில் இருந்த ஓர் ஊரைக் காட்டினார். “சார், இந்த ஊருக்கு நாங்க லாரியில தண்ணி விட்டுட்டு இருக்கோம்” என்றார். ‘காலியை 0 ஆக்கு’ என்ற அந்த வரி என் கண்ணுக்குள் அப்படியே தெரிந்தது. “டேட்டா இன்னும் அப்டேட் ஆகலை” என்று சொன்னேன். அது பொய். தரவு அன்று காலைவரை வந்து சேர்ந்திருந்தது. இந்தக் கட்டுரையில் நான் எழுதுவதிலேயே எனக்கு மிகவும் அவமானமானது அந்த ஒரு வாக்கியம்தான். அறியாமையால் செய்ததற்குச் சமாதானம் சொல்லலாம். அதற்கு எந்தச் சமாதானமும் இல்லை.

பிறகுதான் முறையாக மாற்றினேன். 0 போடும் அந்த வரியை எடுத்துவிட்டு, பதிவேடுகளை முதலிலிருந்து ஏற்றினேன். ஓர் அளவு எடுக்கும் நிகழ்வையே தனிப் புள்ளியாக வைத்தோம். அதற்குத் தேதி உண்டு, அளந்தவர் உண்டு, நிலை உண்டு: அளக்கப்பட்டது, வறண்டது, பூட்டியிருந்தது என்று. ஆழம் என்ற லிட்டரல் அளக்கப்பட்டிருந்தால் மட்டும்தான் வரும், வந்தால் டெசிமலாகத்தான் வரும். கிணற்றின் மொத்த ஆழம் வேறொரு டெசிமல். வறண்டது என்றால் நீர் அந்த அடிமட்டத்துக்கும் கீழே இருக்கிறது என்று கேள்வி கேட்கும்போதே சேர்த்துக்கொள்ளலாம். டபுள் எடுக்காமல் டெசிமலைத் தேர்ந்ததற்குக் காரணம், டேப்பில் சென்டிமீட்டர்வரை படித்து எழுதும் அளவுகள் இவை. 0.1 போன்ற எண்ணை இரும முறையில் துல்லியமாக வைக்க டபுளால் முடியாது.

வகையை ஒட்டிவிட்டாலே போதும் என்றும் சில காலம் நம்பியிருந்தேன். அதுவும் தவறு. ‘வறண்டது’ என்பதற்கு டெசிமல் என்று வகை போட்டு அனுப்பினாலும் ஆர்டிஎஃப் ஏற்றுக்கொள்ளும். வகைக்குப் பொருந்தாத லிட்டரலையும் கிராஃபில் அனுமதிக்க வேண்டும் என்பதே அதன் விதி. தடுக்க வேண்டுமென்றால் தனியாகக் காவல் வைக்க வேண்டும். 2017 ஜூலையில் இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி வெளியிட்ட ஷாக்கிள் அதற்குத்தான் இருக்கிறது. ஆழம் டெசிமலாக இருக்க வேண்டும், எழுத்து வடிவம் அந்த வகைக்குப் பொருந்த வேண்டும், ஒன்றுக்கு மேல் கூடாது என்று அதில் எழுதி வைக்கலாம். நான் இந்த வேலையில் தரவை ஏற்றிக்கொண்டிருந்த காலத்திலேயே அது இருந்தது. படித்தும் இருந்தேன். பிழைகளைக் காட்டும் என்பதாலேயே ஓட்டாமல் விட்டேன்.

இதைத் திருத்தும் வேகத்தில் வேறு தவறுகளையும் செய்தேன். எண்ணாகத் தெரிந்ததையெல்லாம் எண்ணாக்கினேன். கிணற்று எண் 0417 இன்டிஜரானது. நாங்கள் வைத்திருந்த அப்பாச்சி ஜெனாவின் டிடிபி என்ற தரவுத்தளம், சிறிய முழு எண்களைத் தன் 64 பிட் அடையாளத்துக்குள்ளேயே மதிப்பாக வைத்துக்கொள்ளும். எழுதிய வடிவத்தைக் காப்பாற்றாது. 0417 உள்ளே போய் 417ஆகத் திரும்பியது. மற்றவர்களின் பட்டியலில் இருந்த 0417உடன் சேரவில்லை. கூட்டவும் கழிக்கவும் போவதில்லை என்றால் அது அடையாளம். அதற்கு ஸ்ட்ரிங்தான் சரி. ‘பயன்பாட்டில் உள்ளதா’ என்ற பத்தியைப் பைத்தான் நிரல் பெரிய எழுத்தில் தொடங்கும் ‘ட்ரூ’ ஆக எழுதியது. பூலியன் வகை ஏற்பது சிறிய எழுத்தில் எழுதிய ட்ரூ, ஃபால்ஸ், பிறகு 1, 0, இவ்வளவுதான். வடிவம் பொருந்தாத பூலியனை வடிகட்டியில் நேரடியாக வைத்தால் ஸ்பார்க்கிள் பொய் என்று எடுத்துக்கொள்ளும். பயன்பாட்டில் இருந்த கிணறுகள் எல்லாம் கைவிடப்பட்டவை ஆயின. தோண்டிய ஆண்டு மட்டும் தெரிந்த கிணறுகளுக்கு நானே ஜனவரி 1 சேர்த்தேன், ஆண்டை மட்டும் சொல்வதற்கென்றே ஒரு வகை இருந்தும். விக்கிடேட்டாவின் ஆர்டிஎஃப் வடிவிலும் ஆண்டு மட்டும் தெரிந்த தேதி இப்படி முழுத் தேதியாகத்தான் வருகிறது. ஆனால் அங்கே துல்லியம் 9 என்றால் ஆண்டுவரை, 11 என்றால் நாள்வரை என்று பக்கத்திலேயே குறிப்பு நிற்கும். என்னிடம் அது இல்லை. எனவே நான் எழுதியது கற்பனைத் தேதி.

ஊர்ப்பெயர்களில் செய்தது நம் எழுத்தைப் பற்றியது என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். தமிழ் மொழிக்குறியோடு வைத்த ‘கோட்டைப்பட்டி’யும் மொழிக்குறி இல்லாமல் வைத்த ‘கோட்டைப்பட்டி’யும் ஆர்டிஎஃபில் இரண்டு வெவ்வேறு லிட்டரல்கள். ஒன்றைக் கேட்டால் மற்றது வராது. அதைச் சரிசெய்த பிறகும் சில ஊர்கள் இரண்டிரண்டாகவே வந்தன. திரையில் இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. ‘கோ’ என்ற எழுத்தின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் வைக்கலாம். முன்னால் வரும் கொம்பு, பின்னால் வரும் கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் வைக்கலாம். கொ, கௌ இரண்டுக்கும் இதே கதை. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. லிட்டரல்களை என்எஃப்சி என்ற ஒரே சீர் வடிவில் வையுங்கள் என்று ஆர்டிஎஃப் பரிந்துரைக்கிறது. ஏற்றும்போது ஒரு வரி நிரல் போதும். நானோ, சரியாகத் தட்டச்சு செய்யத் தெரியவில்லை என்று வட்ட அலுவலகத்தில் இருந்த ஒரு பெண்மணியைக் கடிந்து, ஊர்ப்பெயர்களை மறுபடி அடிக்க வைத்தேன். அவர் அடித்தது முதல் முறையும் சரிதான். இங்கே அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆர்டிஎஃப் வேண்டாம், நியோ4ஜே போன்ற வேறு வகை கிராஃப் டேட்டாபேஸ்களுக்குப் போனால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: அடுத்த வேலையில் நானும் அப்படி நினைத்தேன். அங்கே சிஎஸ்வியை ஏற்றும் கட்டளைக்கு எல்லாப் பத்திகளும் ஸ்ட்ரிங்தான். நாமே எண்ணாக மாற்ற வேண்டும். மாற்ற முடியாதது நல், அதாவது வெற்று மதிப்பு, ஆகும். நல் மதிப்பு கொடுத்த பண்பு பதிவாகவே ஆகாது. ஸ்ட்ரிங்கை எண்ணோடு பெரிதா சிறிதா என்று ஒப்பிட்டாலும் விடை நல், வரி விழுந்துவிடும். பெயர்தான் வேறு, காணாமல் போவது ஒன்றே. துல்லிய டெசிமல் வகையும் அதில் கிடையாது. ஒரு பண்பு இந்த வகையாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு 2023இல்தான் அதில் வந்தது.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தரவுத்தளத்தில் இன்றே ஒரு குவெரி ஓட்டுங்கள். ஒவ்வொரு பண்பையும் அதன் மதிப்புகளின் வகையையும் எடுத்து, வகைவாரியாக எண்ணுங்கள். ஸ்பார்க்கிளில் டேட்டாடைப் என்ற சார்பு இதற்கு இருக்கிறது, நியோ4ஜேயில் வேல்யூடைப். ஒரே பண்புக்கு ஸ்ட்ரிங்கும் எண்ணும் கலந்து வந்தால், அந்தப் பண்பிலிருந்து இதுவரை கொடுத்த எல்லா அறிக்கைகளையும் திரும்பப் பாருங்கள், அவற்றைப் பெற்றவர்களுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். களத்திலிருந்து வந்து ‘என் வரி இல்லையே’ என்று ஒருவர் சொன்னால், பதில் சொல்லுமுன் அவர் பதிவேட்டை வாங்கிப் பாருங்கள். நான் கொடுத்த பழைய நீர்மட்ட அறிக்கைகள் யாரிடமாவது இன்னும் இருந்தால், 0 மீட்டர் என்று போட்டிருக்கும் ஊர்களின் வரியை அடித்துவிடுங்கள். அங்கே கிணறு வற்றியிருந்தது.